வீமனோடு மலையேறிய கதை

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பிறநாட்டிற் கண்ட காட்சி ஏதாவதொன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். மாட மாளிகைகளைப் பற்றியோ பல்கலைக்கழகங்களைப் பற்றியோ பேசுவோம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு நாய். அந்த நாயோடு ஒரு மலைத்தீவில் ஒரு கிழமை நடந்து திரிந்த கதையையே சொல்லப் போகின்றோம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தவன் கதையா என்று பெரியோர் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. வைத்தது உண்மைதான். குளிர் நாட்டில் நாயை முற்றத்திற் படுக்க விடுதல் இயலாது.

நாங்கள் ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ நகரில் வாழ்கின்றோம். நாயின் பெயர் வீமன். கறுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு; ஆடு மேய்க்கும் சாதியிலே தாய், தகப்பன் யாரென்று தெரியாது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், நாங்களும் மனைவியாரும் அவருடைய தம்பியும் வீமனுமாக ஹரிஸ் என்னுந் தீவுக்குப் போனோம்.

ஸ்கொத்லாந்தின் மேற்கே அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஒரு நீண்ட கோடுபோலக் கிடக்கும் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது ஹரிஸ். உண்மையில் அது தனித் தீவன்று. லூயிஸ் என்னும் நிலமும் அதுவும் ஒரே தீவின் இரு பாகங்கள். ஆயினும் லூயிஸ் பெரும்பாலும் சமதரை, ஹரிஸ் மலை. ஆதலாற் பழைய காலந் தொட்டே இரண்டையும் இரு தீவுகள்போலப் பேசி வருகின்றனர். ஸ்கை தீவிலுள்ள யூயிக் துறையிலிருந்து கப்பலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ரார்பேற் என்னுஞ் சிற்றூரை அடையலாம். கப்பலில் நாய்க்கும் இடமுண்டு.

கரையிறங்கியதும் கண்ணிற் பட்டது கல். எங்குங் கல். அந்தப் பாறைகள் ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையுடையன என்பர். கல்லில்லாத இடத்தில் கறுத்த சேற்று நிலம். அதை வரம்பு வெட்டுவதுபோல வெட்டி, உலர்த்தி, விறகுக்குப் பதிலாக எரிக்கின்றார்கள். மேலே பார்த்தாற் புல். காலை வைத்தால் முழங்கால்வரை சேறு. முதல் நாளே வீமன் வயிறுமட்டும் அமிழ்ந்து, எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. இழுத்தெடுத்த பின் அதன் வெள்ளை நிறத்தை மூன்று நாள் நாங்கள் காணவில்லை. மரம் என்று சொல்லத்தக்கது அருமை. மலைகளுள் உயர்ந்ததாகிய கிளிஷம் 799 மீற்றர். நமது பீதுருதாலகாலையோடு ஒப்பிட்டால் அது சிறு குன்று. ஆனால் கடலோரத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அந்த எண்ணம் வராது.

இளைஞர்கள் அறியவேண்டிய ஒன்றுண்டு. ஸ்கொத்லாந்திலே 2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டஞ் செய்தார்கள். அதன்படி, நிலம் யாருடையதாயினும், பொறுப்போடு நடப்பவன் ஏறக்குறைய எந்த மலையிலும் வெளியிலும் நடக்கலாம். வேலிக்காரனிடம் அநுமதி கேட்கவேண்டியதில்லை. வேலிச் சண்டையிலேயே வளர்ந்த எங்களுக்கு இது பெரிய புதுமை. அதே 2003-ஆம் ஆண்டில், ஹரிஸின் வட பாகத்தை அங்கு வாழும் மக்களே கூடிப் பணந் திரட்டி விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். கிளிஷம் மலையும் இன்று ஊர்ச் சொத்து. நாயோடு நடப்பவனுக்கும் அந்தச் சட்டம் வழிவிடுகின்றது. ஆனால் நாய் அவன் கைக்குள் அடங்கி நிற்கவேண்டும் என்பது விதி. குட்டி ஈனுங் காலத்தில் ஆடுகளுக்கு அண்மையில் வாரைக் கழற்றவே கூடாது. ஹரிஸ் மலைகளில் ஆடில்லாத இடமில்லை. மே மாதமோ குட்டிக் காலம். இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் வாசித்திருந்தோம்.

இரண்டாம் நாள் ரெனிகடேல் என்னும் ஊருக்கு நடந்தோம். விரல் விட்டு எண்ணத்தக்க சில வீடுகள்; முன்னே மலை, பின்னே கடல். 1990-ஆம் ஆண்டளவிலேதான் அந்த ஊருக்குத் தார் வீதி வந்தது. அதற்குமுன் படகு, இல்லையேற் கால். தபாற்காரரும் அந்த மலைப்பாதையாலே நடந்துதான் கடிதங் கொண்டுபோனார். இன்று அது நடப்பவர்களின் பாதையாகிவிட்டது. மெல்ல மெல்ல ஏறி, ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் ஒரு கணவாயைக் கடந்து, அப்பால் வளைந்து வளைந்து செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்கும். மழைக்காலத்தில், தோளிற் பையோடு, மாதக்கணக்காக அதில் ஏறி இறங்கிய அந்த மனிதரை எண்ணிப் பார்த்தோம். நமக்குக் கடிதம் ஒரு நாள் பிந்தினாற் பொறுக்க மாட்டோம்.

அந்த இறக்கத்திலேதான் பிழை நடந்தது.

நாய் முன்னே இழுக்க, கால் சறுக்க, செங்குத்தான வழியில் வாரைப் பிடித்து இறங்குவது கடினம். மனிதனும் நாயும் சேர்ந்து உருள நேரிடும். அப்படிப்பட்ட இடத்தில் நின்று, நாயை அருகில் இருத்தி, அடி அடியாக இறங்குவதே முறை. எங்களுக்குப் பொறுமை இல்லை. சுற்றிலும் பார்த்தோம், ஆடு ஒன்றையுங் காணவில்லை. மனைவியாருக்கு நாயைக் கட்டி வைப்பது எக்காலத்திலும் பிடியாத காரியம். காரணத்தைப் பின்னர் சொல்கின்றோம். அவர் வாரைக் கழற்றினார். நாங்கள் தடுக்கவில்லை.

இருபது அடி போயிருக்க மாட்டோம். பற்றைக்குள்ளிருந்து ஒரு தாயாடு எழுந்தது. அதன் பின்னே பிறந்து சில நாளேயான குட்டி. வீமன் அதுவரை ஒரு கோழியைக்கூடத் துரத்தியதில்லை. அன்று அதன் இரத்தத்திற் கிடந்தது எழுந்து ஓடியது. கூப்பிட்டோம், கத்தினோம், பெயரைச் சொல்லி ஏசினோம். ஆடு சரிவாலே கீழே பாய்ந்தது. நாய் பின்னே பாய்ந்தது. இரண்டும் பாறைக்கப்பால் மறைந்தன. குட்டி மாத்திரம் நின்ற இடத்தில் நின்று கத்தியது.

பத்து நிமிடங் கழித்து வீமன் வந்தது. நாக்கு வெளியே, வாலோ கொடி. பெரிய காரியஞ் செய்துவிட்டு வந்த பிள்ளையைப்போல எங்கள் முன் உட்கார்ந்தது. அதைப் பார்க்க வெட்கமாயிருந்தது; அதன் செய்கைக்காகவன்று, எங்களுக்காக.

எதிர்ச் சரிவில் ஒரு முதியவர் நின்றார். எல்லாவற்றையுங் கண்டிருந்தார். அவர் எங்களிடம் வரவில்லை. முதலில் வாயிலே விரலை வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். அவருடைய நாய் புறப்பட்டது. ஆட்டை நோக்கி நேரே ஓடாமல், மிக அகலமாக, அரைவட்டமாகச் சுற்றிப் போயிற்று. இன்னொரு சீழ்க்கை, நாய் புல்லோடு புல்லாகப் படுத்தது. கீழே கடலோரத்திற் பதறி நின்ற தாயாடு திரும்பிப் பார்த்தது. நாய் நாலடி ஊர்ந்தது. ஆடு நாலடி மேலே நடந்தது. குரைப்பு இல்லை, கடி இல்லை. அந்த நாட்டு மேய்ப்பர்கள் நாய்க்குச் சொல்லுஞ் சொற்கள் சில உண்டு: இடமிருந்து சுற்ற ஒன்று, வலமிருந்து சுற்ற ஒன்று, படுக்க ஒன்று, போதும் என்பதற்கு ஒன்று. தூரத்தில் நின்றாற் சொல்லுக்குப் பதில் சீழ்க்கை. அரைமணி நேரத்தில் அந்த ஆடு எங்கள் நாய் துரத்திய வழியாலேயே மேலே வந்து சேர்ந்தது. அதன் முதுகில் நீல மையால் ஒரு குறி இருந்தது.

பின்னரே அவர் எங்களிடம் வந்தார். கோபிப்பார் என்று நின்றோம். "வார் எங்கே?" என்று மாத்திரம் கேட்டார். மனைவியார் கையிலிருந்ததைக் காட்டினார். "அது நாயின் கழுத்திலிருக்க வேண்டியது" என்றார்.

நாய் கடிக்கவில்லையே என்று மைத்துனர் மெல்லச் சொன்னார். முதியவர் அவருக்கு விளக்கினார்: கடியாற் சாவது சில, ஓட்டத்தாற் சாவது பல. வயிற்றிற் குட்டியோடுள்ள ஆடு ஓடினாற் குட்டி கலைந்துபோம். ஈன்ற ஆடு ஓடினாற் குட்டியைப் பிரிந்துபோம். பிரிந்து திரும்பி வந்தாலும் சில வேளை சேர்த்துக்கொள்ளாது. மலை விளிம்பானால் விழுந்துபோம். ஆட்டைத் துரத்தும் நாயை, தடுக்க வேறு வழியில்லாதபோது சுடுவதற்கு அந்த நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கின்றது. அவர் அதைச் சொல்லவில்லை, நாங்கள் அறிந்திருந்தோம். 2021-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து சட்டம் இன்னுங் கடுமையாகி, நாயின் சொந்தக்காரனுக்கு 40,000 பவுண் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்று ஆகியிருக்கின்றது.

தாயும் குட்டியும் அருகருகே நின்றன. ஆயின் தாய் குட்டியை முகர்ந்துவிட்டு விலகி விலகிப் போயிற்று. "இராப்பொழுது கடந்தால் தெரியும்" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

நான்காம் நாள் லெவர்பரோ என்னுந் துறைக்குப் போனோம். சன்லைற் சவுக்காரத்தை அறியாதவர் இந்தச் சபையில் இரார். அந்தச் சவுக்கார முதலாளியாகிய லெவர்ஹியூம் பிரபு 1919-இல் ஹரிஸை விலைக்கு வாங்கி, ஒரு மீன்பிடித் துறைமுகம் அமைக்க முயன்று, ஊருக்குத் தம் பெயரையுஞ் சூட்டினார். 1925-இல் அவர் காலமானார், முயற்சியும் அவரோடு போயிற்று, பெயர் நின்றுவிட்டது. அந்தத் துறையிலிருந்துதான் சென்ற் கில்டா என்னுங் கடைக்கோடித் தீவுக்குப் படகு போகும். ஏறக்குறைய 50 மைல். காலையிற் போய் மாலையில் திரும்பலாம். முன்கூட்டியே பணங்கட்டி இடம் பிடித்திருந்தோம்.

படகுக்காரர் வீமனைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். சென்ற் கில்டாவில் நாய் இறங்கக் கூடாது. அங்குள்ள ஆதிச் செம்மறியாடுகளையும் பறவைகளையுங் காக்கும் பொருட்டு அப்படி ஒரு விதி. விதி எழுதியேயிருந்தது, நாங்கள் வாசிக்கவில்லை. பிழை எங்களுடையது.

மைத்துனர் சொன்னார்: "அத்தான், நாயை இஞ்சை ஆரிட்டையும் விட்டிட்டுப் போவம். பின்னேரம் வந்திடலாந்தானே."

மனைவியார் சொன்னார்: "தம்பி, உனக்கு அப்ப நாலு வயது. உனக்கு நினைவிராது."

அவ்வளவுதான். மைத்துனர் பிறகு வாய் திறக்கவில்லை.

1995-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30-ஆந் தேதி இரவை இங்குள்ள பெரியோர்க்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழையில், இருளில், இலட்சக்கணக்கான சனம் ஒரே வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மனைவியாரின் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதற்கும் வீமன் என்றுதான் பெயர். புறப்படும்போது மாமி சொன்னாராம், "அவிட்டுவிடு பிள்ளை, கட்டிக் கிடந்தாற் செத்துப்போம், அவிட்டுவிட்டா எங்கையெண்டாலும் போய்ப் பிழைக்கும்" என்று. மனைவியாரே சங்கிலியை அவிழ்த்தார். அது எங்கும் போகவில்லை, பின்னாலே வந்தது. பாலத்தடி நெரிசலில் எங்கோ விடுபட்டுப் போயிற்று. ஆறு மாதத்துக்குப்பின் வீடு திரும்பியபோது சங்கிலி கிடந்தது. அந்த இரவில் எத்தனை வீட்டு நாய்களுக்கு இப்படி நேர்ந்தது என்று எவர் கணக்கெடுத்தார்? மனிதர் கணக்கே முழுமையாக எடுக்கப்படவில்லை.

தருமர் கதை உங்களுக்கு நினைவு வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது. மகாப்பிரஸ்தானத்தில் பாஞ்சாலி விழுந்தாள். தம்பிமார் ஒவ்வொருவராக விழுந்தனர். கடைசியாக வீமன் விழுந்தான். நாய் ஒன்றே தொடர்ந்து வந்தது. தேர் கொண்டுவந்த இந்திரன், நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்றபோது, தருமர் தேரை மறுத்தார். நாங்கள் படகை மறுத்தோம். எங்கள் வீமன் தருமதேவதையாக மாறவில்லை. துறையிற் கிடந்த ஒரு மீன் தலையைத் தின்றது. கட்டிய பணமும் திரும்பவில்லை. இன்னொரு வேற்றுமையுங் கண்டோம். தருமர் போன வழியில் எவருடைய ஆடும் மேயவில்லை. ஆதலால் அவருக்கு வார் வேண்டியிருக்கவில்லை.

படகை விட்டுவிட்டு, பக்கத்தே நோர்த்ரன் என்னும் ஊரிலிருந்து செப்பவல் என்னுங் குன்றில் ஏறினோம். ஏறக்குறைய 1,200 அடி. இந்த முறை வாரை நாங்கள் இடுப்பிற் கட்டிக்கொண்டோம். கீழே வெண்மணற் கரை. கடல் நம் கீரிமலைக் கடலைப்போல நீலமும் பச்சையும். காற்று மாத்திரம் பல்லைக் கிட்டச் செய்தது. உச்சிக்குப் போனபோது வானந் தெளிந்திருந்தது. மேற்கே, கடலின் விளிம்பில், உடைந்த பற்கள் போலச் சில புள்ளிகள். அதுதான் சென்ற் கில்டா. படகிற் போயிருந்தால் அந்நேரம் அங்கு நின்றிருப்போம்.

அந்தத் தீவின் கதை சிறியது. பல நூற்றாண்டுகளாகச் சிலர் அங்கே வாழ்ந்தார்கள். ஆடு வளர்த்தார்கள்; கயிற்றிலே தொங்கிச் செங்குத்துப் பாறைகளிற் கடற்பறவை பிடித்து உண்டார்கள். மரம் ஒன்றுகூட இல்லை. ஆடு பிடிக்கவும் பறவை பிடிக்கவும் நாய்களே துணை. காலஞ் செல்லச் செல்ல இளையோர் வெளியேறினர், நோய் வந்தால் வைத்தியமில்லை, பயிர் வாய்க்கவில்லை. 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில், தங்களை அழைத்துச் செல்லும்படி அவர்களே அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். ஆடுகளைக் கப்பலேற்றி விற்றனர், மாடுகளையும் ஏற்றினர். நாய்க்கு விலை இல்லை. போகிற இடத்தில் ஆடில்லை, ஆகையால் வேலையும் இல்லை. விட்டுப் போனாலோ பட்டினியாற் சாகும். ஆகவே, புறப்படுமுன், அந்த நாய்களின் கழுத்திற் கல்லைக் கட்டி ஊர்த்துறைக் கடலில் அமிழ்த்தினார்கள். ஆகஸ்ட் 29-ஆந் தேதி, வீடுதோறும் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் சிறு தானியக் குவியலும் வைத்து, 36 பேரும் கப்பலேறினார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்த ஆண்களுக்கு அரசாங்கம் கொடுத்த வேலை காட்டிலாகா வேலை.

இதை முன்னர் புத்தகத்தில் வாசித்தபோது, இவர்கள் என்ன மனிதர் என்று நினைத்ததுண்டு. குன்றின் உச்சியிலே, வீமன் எங்கள் காலிற் சாய்ந்து படுத்திருக்க, அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. அவர்கள் கட்டினார்கள், நாங்கள் அவிழ்த்தோம். எது இரக்கம் என்று அந்த நாய்களைத்தான் கேட்க வேண்டும். மனைவியார் வெகுநேரம் பேசாமலிருந்தார். இறங்கத் தொடங்கும்போது வாரைத் தாமே கேட்டு வாங்கிக் கையிற் சுற்றிக்கொண்டார்.

நடப்பதிலே நாய்க்கும் நமக்கும் உள்ள வேற்றுமைகளைச் சொல்ல இன்னும் பலவுண்டு. நாம் ஒரு மைல் நடக்க அது இரண்டு மைல் நடக்கும். வாரிற் கட்டினால் நம்மோடு ஒரு மைலே நடந்து, மீதியை இரவிற் கனவிலே கால் உதறி நடக்கும். மாலைதோறும் அதன் காதிலும் கக்கத்திலும் உண்ணி பார்த்து எடுக்கவேண்டும். அந்த நாட்டு உண்ணி மனிதனுக்கும் நோய் தரும். நேரஞ் செல்கின்றபடியால் இவற்றை விட்டு முடிக்கின்றோம்.

கடைசி நாள், கப்பலுக்குமுன், மறுபடி ரெனிகடேலுக்குப் போனோம். இம்முறை காரில், புது வீதியால். முதியவர் வீட்டு வாசலில் நின்றார். அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டோம். நீலக்குறி ஆடு வேலிக்கப்பால் மேய்வதைக் காட்டினார். தனியாக நின்றது. தாய் அன்றிரவு குட்டியைச் சேர்க்கவில்லையென்றும், இரவு மழை பெய்ததென்றும், காலையில் அருவிக்கரையிற் கிடந்ததென்றுஞ் சொன்னார். நாங்கள் கேட்டிராவிட்டாற் சொல்லியிரார் என்றே நினைக்கின்றோம்.

உறையிற் போட்டுக் கொண்டுபோன பணத்தைக் கொடுத்தோம். மறுப்பார், நாங்கள் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று நம் ஊர் வழக்கப்படி எதிர்பார்த்தோம். அவர் உறையைத் திறந்து, எண்ணி, ஒரு குட்டியின் சந்தை விலை எவ்வளவோ அவ்வளவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மனைவியாரிடம் திருப்பிக் கொடுத்தார். பின்பு குனிந்து வீமனின் தலையைத் தடவினார். தடவியவர், கழுத்துப்பட்டியில் வார் கொளுவிய இடத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.